நுரையீரலில் தங்கும் புளூட்டோனியம்: ஒரு துகளுக்கு மூன்று கணக்கு

1965 அக்டோபரில் அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள ராக்கி ஃப்ளாட்ஸ் அணு ஆயுதத் தொழிற்சாலையில் புளூட்டோனியம் தீப்பிடித்தது. சுமார் 400 ஊழியர்களைச் சோதித்ததில் 25 பேரின் நுரையீரலில் அது அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. நெருப்பில் வெந்து உண்டான புளூட்டோனியம் ஆக்சைடு லேசில் கரையாது. அப்படியொரு துகள் உள்ளே எத்தனை காலம் உட்கார்ந்திருக்கும்? சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையமான ஐசிஆர்பி இதற்கு 1979-இலிருந்து மூன்று முறை மூன்று விடை சொல்லியிருக்கிறது.

முதலாவது 1979-இல் வந்த 30-ஆம் வெளியீடு. மூக்கு, மூச்சுக்குழாய், நுரையீரல் என மூன்றே பகுதி. பொருள்களுக்கும் மூன்றே வகுப்பு: நாள்கணக்கில் வெளியேறுபவை டி, வாரக்கணக்கில் டபிள்யூ, வருடக்கணக்கில் ஒய். புளூட்டோனியம் ஆக்சைடு ஒய் வகுப்பு. பாதியாகக் குறைய 500 நாள். கையாலேயே போட்டுவிடலாம், அவ்வளவு எளிய கணக்கு.

1994-இன் 66-ஆம் வெளியீடு உடற்கூறைப் பார்த்தது. புளூட்டோனியம் வீசும் ஆல்ஃபா கதிர் திசுவில் சுமார் 40 மைக்ரோமீட்டர்தான் பாயும். அப்படியிருக்க, மொத்த நுரையீரலுக்கும் சராசரி கதிர் அளவு (டோஸ்) போடுவதில் என்ன அர்த்தம்? மூச்சுக்குழாய்ச் சுவரில் எந்தச் செல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதுவரை இது போனது. தொழிலாளர் சுவாசிக்கும் துகளின் அளவையும் 1 மைக்ரோமீட்டரிலிருந்து 5 ஆக்கியது. இது சின்ன மாற்றமில்லை. பழைய கணக்கில் சுவாசித்ததில் 25 சதவீதம் நுரையீரலின் ஆழத்துக்குப் போகும், இதில் 5.3 சதவீதம்தான். பெரும்பகுதியை மூக்கும் தொண்டையுமே பிடித்துவிடுகின்றன.

ஆனால் காற்றறைகளை, பாதியாகக் குறைய 35, 700, 7000 நாள் ஆகும் மூன்று பெட்டியாகப் பிரித்ததை என்னால் ரசிக்க முடியவில்லை. அளவீட்டு வளைகோட்டுக்கு அது பொருந்துகிறது, சரி. அந்தப் பெட்டிகள் உடலில் எங்கே இருக்கின்றன?

2015-இன் 130-ஆம் வெளியீடு அதைச் சரிசெய்தது. இப்போது இரண்டே பெட்டி: காற்றறை, அதன் சுவருக்குள் இருக்கும் இடைத்திசு. மூன்றில் இரண்டு பங்கு துகள் சளியோடு மேலேறிப் போய்விடும். மீதி இடைத்திசுவுக்குள் நுழைந்துவிடும். அங்கிருந்து நிணநீர் முடிச்சுக்குப் பாதி போய்ச்சேரவே 60 வருடத்துக்கு மேல்.

இரத்தத்தில் கரைவதை ஒதுக்கிவிட்டு, ஆழத்தில் படிந்த துகளில் 10 வருடம் கழித்து மிச்சம் எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். 1979 கணக்கில் ஒரு சதவீதம்கூட இல்லை. 1994-இல் சுமார் 8. 2015-இல் சுமார் 30.

ஊழியரின் மார்பின் மேல் கருவி வைத்து, புளூட்டோனியத்தோடு கலந்திருக்கும் அமெரிசியம்-241 வீசும் காமா கதிரை அளப்பார்கள். பத்தாம் வருடத்தில் கிடைத்த அந்த ஒரே அளவிலிருந்து, அன்றைக்கு எவ்வளவு படிந்தது என்று பின்னோக்கிப் போனால், 1979 கணக்கு பல பத்து மடங்கு கூட்டிச் சொல்லும். முதல் வாரத்து அளவிலிருந்து முன்னோக்கிப் போனாலோ, பின்னாளில் தங்குவதைக் குறைத்துக் காட்டும். ஒரே கணக்கு, இரண்டு திசையிலும் இரண்டு விதப் பிழை!

யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு போலச் சட்டென்று கரைவதற்கு இந்தச் சண்டை தேவையில்லை. எந்தப் பெட்டியில் விழுந்தாலும் சீக்கிரமே இரத்தத்துக்குப் போய்விடும். தீயில் பிறந்த ஆக்சைடு என்றால் நான் யோசிக்காமல் 2015-ஐ எடுப்பேன். ஆனாலும் டி, டபிள்யூ, ஒய்யை மறந்துவிட முடியாது. பழைய ஊழியர்களின் கோப்புகளில் அந்த எழுத்துகள்தான் இருக்கின்றன. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் அட்டவணைகளும் அவற்றின் மேல்தான் கட்டப்பட்டவை.