ஆடி மாசம்தான் பேட்டரியைக் கொல்லுது: கடற்கரை ட்ரோன்காரனின் நாலு வருஷ அனுபவம்

மண்டபம், பாம்பன், உச்சிப்புளி பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறேன். 2021-ல் கேமரா ட்ரோன் ஒன்று அதன் மூன்று பேட்டரியோடு, அப்புறம் எஃப்பிவி ட்ரோனுக்கு (கண்ணாடி மாட்டிக்கொண்டு ட்ரோனின் பார்வையிலேயே ஓட்டுவது) நாலு செல் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி பேக் நாலு வாங்கினேன். அதில் இரண்டு லிப்போ ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. மற்றதெல்லாம் இன்றைக்கும் பறக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், செத்த இரண்டும் அதிகம் பறந்தவை இல்லை, சும்மா கிடந்தவை.

ஆனி கடைசி முகூர்த்தத்துக்கு நாலையும் முழுசாக ஏற்றினேன். இரண்டிலேயே வேலை முடிந்துவிட்டது. அடுத்தது ஆடி, ஆடியில் நமக்கு ஏது கல்யாணம்? மிச்ச இரண்டும் முழுச் சார்ஜோடு மாடி ரூமில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தன. ஆவணியில் எடுத்துப் பார்த்தால் பூரி மாதிரி உப்பியிருந்தது.

லிப்போ செல் ஒன்றுக்கு முழுச் சார்ஜ் 4.2 வோல்ட், நாலு செல்லுக்கு 16.8. அந்த நிலையில் வைத்திருந்தால் உள்ளே இருக்கிற திரவம் மெல்ல மெல்லச் சிதைந்து வாயு உண்டாகும், வெயில் சேர்ந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். பறப்பதில் தேய்கிறதைவிட இப்படிக் கிடந்து தேய்கிறதுதான் நம்ம ஊரில் அதிகம் என்பது என் கணக்கு. அதற்காகக் காலியாகப் போட்டு வைக்கவும் கூடாது. தானாகவே இறங்கி செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் நல்ல சார்ஜர் அதை ஏற்றவே மறுக்கும், மறுப்பதும் சரிதான்.

இப்போது நான் செய்வது, இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேலை இல்லை என்று தெரிந்தால் சார்ஜரில் ஸ்டோரேஜ் மோடு போட்டு செல்லுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட்டில் நிறுத்திவிடுவேன், அதாவது நாலு செல் பேக் 15.2-லிருந்து 15.4 வரை. கேமரா ட்ரோன் பேட்டரியில் சிப் இருப்பதால் சில நாளில் தானே இறக்கிக்கொள்ளும். அப்போது லேசாகச் சூடாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனாலும் அதை நம்பி விடாமல் பாதிக்குச் சற்று மேலே இருக்கும்போதே எடுத்து வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுசாக ஏற்றி, பறக்கவிட்டு இறக்கி, மறுபடி 60 சதவீதத்துக்குக் கொண்டு வருவதும் உண்டு.

வைக்கிற இடம் கீழ்வீட்டில், வெயில் படாத மூலையில் ஒரு மண்பானை. மூடியை இறுக்குவதில்லை, ஏதாவது ஆனால் வாயு வெளியே போகணும். ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி ஒருத்தர் யோசனை சொன்னார். இந்தக் கடல் காற்றில் வெளியே எடுத்த நிமிஷமே சோடா பாட்டில் மாதிரி வேர்த்துக் கொட்டும், அந்த ஈரம் முனையில் இறங்கினால் என்ன ஆகும்? ஏற்கனவே உப்புக் காற்றில் பித்தளை முனை பச்சை பிடிக்கிற ஊர் இது. தனுஷ்கோடி போய்வந்த அன்று இரவே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்து எல்லா முனையையும் துடைத்துவிடுவேன், சோம்பல் பட்டதே இல்லை என்று சொன்னால் பொய்.

சார்ஜ் போடும்போது, இறங்கிய பேட்டரியை உடனே மாட்ட மாட்டேன், கைக்குச் சூடு தெரியாத வரை ஆற வைப்பேன். என் கேமரா ட்ரோன் பேட்டரிக்கு 5 முதல் 40 டிகிரி வரைதான் சார்ஜ் ஏற்றலாம். மே மாசம் அரிச்சல்முனையில் நிறுத்திய காருக்குள் அந்த 40 எப்போதோ தாண்டியிருக்கும், அதனால் காரில் வைத்து ஏற்றுவதை விட்டுவிட்டேன். லிப்போவுக்கு 1சி வேகம் போதும், அதாவது பேக்கின் கொள்ளளவுக்குச் சமமான கரண்ட்: 1500 எம்ஏஹெச் பேக்குக்கு 1.5 ஆம்பியர். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் கரண்டில் ஏற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, வீட்டிலேயே முடித்துக்கொண்டு போகிறேன்.

காற்றையும் சொல்லணும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற நாளில் பெண்கடல் பக்கம், அதாவது வடக்கே பாக் விரிகுடா பக்கம் ட்ரோனை அனுப்பினால் போகும்போது சுகமாகப் போகும், திரும்பும்போது எதிர்காற்றில் கரண்டை உறிஞ்சித் தள்ளும். ஒருமுறை 40 சதவீதத்தில் திருப்பி, கரைக்கு வரும்போது 9 இருந்தது. அப்படிக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தால் பேட்டரிக்கும் கேடு, ட்ரோனும் கடலில் போகும். இப்போது பாதியிலேயே திருப்பி, 30-ல் தரை இறக்குகிறேன். (உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, எல்லையும் பக்கம். எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பார்க்காமல் இங்கே எதையும் தூக்காதீர்கள்.)

உப்பிய அந்த இரண்டையும் ஊசியால் குத்திக் காற்றை எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு தம்பி ஆலோசனை சொன்னான், தீப்பிடிக்கும்டா என்று விரட்டிவிட்டேன். உப்புத்தண்ணியில் போடுவதும் வேலைக்காகாது, வெளியே முனை அரித்துப்போகும், உள்ளே சார்ஜ் அப்படியே நிற்கலாம். ஒரு கார் பல்பை மாட்டி, வீட்டுக்கு வெளியே மணலில் வைத்து முழுசாக இறக்கி, மதுரை போகும்போது மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுத்தேன்.