பழைய பஸ், சார்ஜ் ஏறாத பேட்டரி: டிசி கிளாம்ப் மீட்டருடன் ஏழு மாதம்

ஏழு மாதத்துக்கு முன்னால் வரை பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா இல்லையா என்பதை டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன். விளக்கு அணைந்திருந்தால் எல்லாம் சரி. அந்த நம்பிக்கையில் ஒரு ஆல்டர்நேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கருவி), ஒரு ஜோடி பேட்டரி, இரண்டு பெல்ட் என்று வரிசையாக மாற்றிவிட்டேன், கோளாறு மட்டும் அப்படியே கூடவே வந்தது. கடைசியில் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது கையடக்கமான ஒரு டிசி கிளாம்ப் மீட்டர், வயரைக் கழற்றாமல் தாடையால் சுற்றிக் கவ்வி ஆம்பியரை அளப்பது. பழைய பஸ்ஸையோ வேனையோ வைத்துக்கொண்டு தூரப் பயணம் போகிறவர்களுக்கு இதை வாங்கச் சொல்வேன், ஆனால் சில குறைகளையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இரண்டையும் எழுதுகிறேன்.

முதலில் கடையில் ஏமாறாமல் இருக்க ஒரு விஷயம். கிளாம்ப் மீட்டர் என்று விற்கும் எல்லாமே வண்டிக்கு உதவாது. மலிவானவற்றில் பெரும்பாலானவை ஏசி ஆம்பியரை மட்டும்தான் அளக்கும். அவற்றின் தாடைக்குள் இருப்பது ஒரு டிரான்ஸ்பார்மர் சுருள், பேட்டரி வயரில் ஓடும் டிசி மின்னோட்டம் அதற்குத் தெரியவே தெரியாது. காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் வைத்ததுதான் நமக்கு வேண்டும். டயலில் ஆம்பியர் பக்கத்தில் டிசி குறியும், தனியாக ஒரு ஜீரோ பட்டனும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிசியும் வரும் என்று அட்டையில் போட்டிருக்கும், ஆனால் அது வோல்ட்டுக்கு மட்டுமாக இருக்கலாம். நான் வாங்கியதில் 40 ஆம்பியர், 400 ஆம்பியர் என்று இரண்டு அளவு இருக்கிறது, கூடவே சாதாரண மல்டிமீட்டர் வேலை எல்லாம் செய்யும்.

இப்போது என் பஸ் கதை. 24 வோல்ட் வண்டி, 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராகக் கட்டியது. இன்ஜின் பின்னால், பேட்டரிப் பெட்டி நடுவில் பக்கவாட்டில், ஹெட்லைட் முதல் உள்ளே ஃபேன் வரை எல்லா லோடும் பேட்டரியிலிருந்துதான் போகிறது. காலையில் கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. இரண்டு மணி நேரம் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடாகி, மாலையில் விளக்கைப் போட்ட பிறகு ஹெட்லைட் மெல்ல மெல்ல மஞ்சளாகும். மறுநாள் காலை செல்ஃப் எடுக்காது. வழியில் ஒரு பட்டறையில் நிறுத்தினால், அதற்குள் இன்ஜின் ஆறியிருக்கும், விளக்கும் போட்டிருக்காது, மெக்கானிக் பேட்டரி மேல் மீட்டரை வைப்பார், 27.8 வோல்ட் காட்டும். “சார்ஜ் நல்லா ஏறுது சார், தைரியமா போங்க” என்று அனுப்பிவிடுவார். இன்னொரு இடத்தில் சோதிக்காமலே ஆல்டர்நேட்டரைக் கழற்றி வேறு ஒன்றைப் போட்டுவிட்டார்கள். பழையது நல்லதாகவே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மீட்டர் கைக்கு வந்த பிறகு நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், கோளாறு தலைகாட்டும் நேரத்தில்தான் அளக்க வேண்டும் என்பது. ஒரு மலைப்பாதை ஏறி முடித்து ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், ஹெட்லைட்டையும் உள்ளே இருக்கும் ஃபேன்களையும் போட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டு அளந்தேன். பேட்டரி பிளஸ்ஸில் சேரும் எல்லா வயரையும் ஒன்றாகத் தாடைக்குள் விட்டு, மீட்டரில் இருக்கும் அம்புக்குறி பேட்டரியைப் பார்க்கும்படி பிடித்தால், பிளஸ் என்றால் உள்ளே ஏறுகிறது, மைனஸ் என்றால் வெளியே இறங்குகிறது. எனக்கு வந்தது மைனஸ் 8. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கிறது! பின்பக்கம் போய் ஆல்டர்நேட்டரின் தடித்த வயரில் மாட்டினால் 14 ஆம்பியர். அப்படியென்றால் வண்டி மொத்தம் 22 ஆம்பியர் கேட்கிறது, வருவதோ 14தான். 80 ஆம்பியர் கொடுக்க வேண்டிய ஆல்டர்நேட்டர் ஏன் 14-இல் நிற்கிறது?

இந்த இடத்தில் வோல்ட்டுக்கு மாறினேன். ஆல்டர்நேட்டரிலிருந்து மின்சாரம் வெளியே வரும் பி பிளஸ் முனையில் அதன் உடம்பை எர்த்தாக வைத்து அளந்தால் 28.2, பேட்டரி முனைகளில் அளந்தால் 24.7. நடுவில் 3.5 வோல்ட் காணோம். ஆல்டர்நேட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது, அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தன் முனையில் 28.2 வந்ததும் போதும் என்று நிறுத்திக்கொள்கிறது, வழியில்தான் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். சிவப்பு விளக்கு ஏன் எரியவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஆல்டர்நேட்டர் மின்சாரம் உண்டாக்குகிறதா என்பதைத்தான் அந்த விளக்கு சொல்லும், அது பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சொல்லாது.

காணாமல் போன வோல்ட்டைத் தேட மீட்டரோடு வந்த வயர் போதாது, அது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. பின்பக்கத்து ஆல்டர்நேட்டரையும் நடுவில் இருக்கும் பேட்டரியையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். அதனால் எட்டு மீட்டர் மெல்லிய வயரின் இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் போட்டு ஒன்று செய்து வைத்திருந்தேன். வோல்ட் பார்க்கும்போது மீட்டர் வழியாக ஓடும் மின்னோட்டம் இல்லை என்றே சொல்லலாம், ஆகவே மெல்லிய வயரே போதும், கணக்கு தப்பாது. இந்த மீட்டரை வாங்குகிறவர்கள் அன்றைக்கே இப்படி ஒரு நீள வயரையும் செய்துவிடுங்கள், மீட்டரின் பாதி பயன் அதில்தான் இருக்கிறது. மைனஸ் பக்கம், அதாவது ஆல்டர்நேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் நடுவில், 0.05 வோல்ட். எர்த் சுத்தம். பிளஸ் பக்கம் 3.45. அங்கிருந்து ஒவ்வொரு இணைப்பாகத் தாண்டித் தாண்டி வந்தேன். இன்ஜின் அறைச் சுவரில் ஒரு போல்ட்டில் ஆல்டர்நேட்டர் வயரும் பேட்டரிக்குப் போகும் வயரும் சேர்கின்றன. போல்ட்டிலிருந்து பேட்டரி வரை சொல்லும்படி இழப்பு ஒன்றும் இல்லை. ஆல்டர்நேட்டர் வயர் போல்ட்டுக்கு வரும் லக்கில் (வயர் முனையில் அமுக்கிப் பொருத்தும் உலோக வளையம்), வயருக்கும் லக்குக்கும் நடுவில், 3.4 வோல்ட் நின்றது.

செல்ஃப் மோட்டாருக்கு வேறு கேபிள் என்பதால்தான் பேட்டரி நன்றாக இருக்கும் நாட்களில் இன்ஜின் ஒரே சுற்றில் கிளம்பியது, அதுவே எல்லோரையும் திசைதிருப்பியது. லக்கின் மேல் டேப் சுற்றி, அதற்கு மேல் நெளி குழாய் போட்டு மூடியிருந்தது. 3.4-ஐ 14-ஆல் பெருக்கினால் 48 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு சால்டரிங் அயர்னின் சூடு அது, ஒரு விரல் கனத்துக்குள்! இன்ஜினை அணைத்து, பேட்டரி மைனஸ்ஸை முதலில் கழற்றி, ஆறியதும் டேப்பை உரித்தேன். டேப் பிசுக்காக இல்லை, அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே இன்சுலேஷன் பழுப்பாகி இறுகியிருந்தது, கம்பி இழைகள் கறுத்து, லக்கின் வாயில் பச்சைப் பொடி. குளிர்ந்திருக்கும்போது இழைகள் ஓரளவு ஒட்டிக்கொள்ளும், சூடானால் விலகும். பட்டறையில் ஏன் ஒருபோதும் அகப்படவில்லை என்பதற்கு வேறு காரணம் வேண்டாம்.

கறுத்த இழையை வெட்டி வெட்டிப் பளபளப்பான செம்பு தெரியும் வரை வந்தேன், நான்கு விரல் நீளம் போனது. கிரிம்ப் கருவி அப்போது கையில் இல்லாததால் திருகு வைத்து இறுக்கும் லக் ஒன்றைப் போட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். பிறகு 25 சதுர மில்லிமீட்டர் கேபிளை முழுசாகப் புதிதாக இழுத்து, லக்கைச் சரியாக அமுக்கி, மறுபடி அளந்தேன். கிளம்பியவுடன் 45 ஆம்பியர், பிளஸ் பக்க இழப்பு 0.3 வோல்ட். அரை மணி கழித்து பேட்டரிக்குள் போவது 10 ஆம்பியருக்கு இறங்கியது. அந்த இறக்கம் நல்ல அடையாளம், பேட்டரி நிறைய நிறைய வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். ஆம்பியர் குறைகிறதே என்று பயப்பட வேண்டாம். வோல்ட் 28 பக்கம் நின்றுகொண்டு ஆம்பியர் இறங்கினால் நிறைகிறது, வோல்ட்டும் சேர்ந்து இறங்கினால்தான் தேட வேண்டும்.

அதற்குப் பிறகும் இரண்டு முறை இந்த மீட்டர் கை கொடுத்தது. ஒருநாள் காலை கிளம்பிய பிறகு ஆல்டர்நேட்டர் வயரில் பூஜ்யம், ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்தால் மட்டும் திடீரென்று உயிர் வந்தது. டாஷ்போர்டின் சார்ஜ் விளக்கை முந்தைய உரிமையாளர் எல்ஈடியாக மாற்றியிருந்தார். பழைய வண்டிகளில் அந்தச் சின்ன பல்பின் வழியாகப் போகும் மின்னோட்டம்தான் ஆல்டர்நேட்டரின் சுழலும் சுருளை முதலில் காந்தமாக்குகிறது. எல்ஈடி வழியாக அதற்குப் போதுமான அளவு போகாது. இழை பல்பைத் திரும்பப் போட்டதும் சரியாகிவிட்டது. பல்பு பீஸ் போனாலும் இதே அறிகுறிதான் வரும்.

இன்னொரு முறை, சார்ஜ் ஏறும்போது இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்தால் ஒன்றில் 13.1, மற்றதில் 15.1. ரேடியோவுக்கும் போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று யாரோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் எடுத்திருந்தார்கள். கிளாம்ப்பை மாட்டினால் 3 ஆம்பியர் எந்நேரமும் அதிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அந்தப் பேட்டரி எப்போதும் பசியோடும், பக்கத்தில் இருப்பது தண்ணீர் வற்றிக் கொதிக்கும் நிலையிலும் இருந்தன. 24-இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டு, இரண்டின் மேலும் சேர்த்து லோடு வைத்தேன்.

குறைகள். ஜீரோ நிலைப்பதே இல்லை. மீட்டரைக் கையில் திருப்பினாலே, வயர் எதுவும் இல்லாமல், 0.2, 0.3 என்று காட்டும். பூமியின் காந்தப்புலமும் தாடையில் மிச்சமிருக்கும் காந்தமும் அதற்குத் தெரிகிறது. அளக்கப் போகும் இடத்தில், அதே கோணத்தில் பிடித்து, ஒவ்வொரு முறையும் ஜீரோ அமுக்கிய பிறகே வயரை உள்ளே விட வேண்டும். இதனால் இரவில் எல்லாம் அணைத்த பிறகும் பேட்டரியைச் சுரண்டும் சிறு கசிவை, 0.05 ஆம்பியர் போன்றவற்றை, இதை நம்பித் தேட முடியாது. மெல்லிய வயராக இருந்தால் தாடைக்குள் பத்து சுற்று சுற்றி, வருவதைப் பத்தால் வகுக்கலாம், அது ஓரளவு கைகொடுக்கிறது. தடித்த கேபிளுக்கு வழியில்லை, சாதாரண மல்டிமீட்டரைத் தொடராக வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பதினைந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுவது எரிச்சல். ஒரு கையில் டார்ச், ஒரு கால் ஏணியில், பார்க்கப் போகும் நேரத்தில் திரை கறுத்துப்போகும். தாடையின் வாயும் சிறியது, இரண்டு தடித்த கேபிள் சேர்ந்தால் சிரமப்பட்டுத்தான் மூடுகிறது. ஏசி வோல்ட் அளவு நன்றாக இருக்கிறது, அதை வைத்து ஆல்டர்நேட்டருக்குள் ஏசியை டிசியாக்கும் டயோடையும் பார்க்கலாம். லோடு போட்டு இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏசி அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை, அதைத் தாண்டினால் டயோடைச் சந்தேகிக்கிறேன். சில மலிவு மீட்டர்கள் இந்த அளவில் பேட்டரியின் டிசியையே இரட்டித்துக் காட்டிப் பயமுறுத்தும். இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரியில் ஏசி பார்த்தால் பூஜ்யம் வர வேண்டும், வராவிட்டால் அந்த மீட்டரை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், வழியில் உதவ வந்த ஒருவர் இதைத்தான் செய்யப் போனார். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா பார்க்கலாம் என்பார்கள். தயவுசெய்து விடாதீர்கள். பேட்டரி விலகிய அந்தக் கணத்தில் ஆல்டர்நேட்டரின் வோல்ட் துள்ளி எழும்பும், ரெகுலேட்டரும் டயோடும் அதில் போய்விடும். மேலும் மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் இன்ஜின் பல, ஒருமுறை கிளம்பிவிட்டால் மின்சாரமே இல்லாமல் ஓடும். வண்டி நிற்காததை வைத்து ஆல்டர்நேட்டர் நல்லதென்று சொல்லவே முடியாது. அதே காரணத்தால் பகலில் சார்ஜ் நின்றுபோனாலும் பதற வேண்டாம், மின்சாரம் போனால் டீசலை நிறுத்தும் சொலினாய்டு (மின்காந்த வால்வு) உங்கள் இன்ஜினில் இருக்கிறதா என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு, ஃபேனை அணைத்துவிட்டு, இருட்டுவதற்குள் போய்ச் சேரப் பாருங்கள்.

வண்டி ஊருக்குள் மட்டும் ஓடுகிறது, பக்கத்திலேயே நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார் என்றால் சாதாரண மல்டிமீட்டரே போதும், இதற்கு அவசரமில்லை. எனக்கு இப்போது இது இல்லாமல் பஸ்ஸை எடுக்க மனம் வராது. நீள வயரைச் சுருட்டி மீட்டரோடு ஒரே பையில் வைத்திருக்கிறேன், கூடவே இரண்டு ஜோடி பேட்டரி செல். மீட்டரின் செல் தீரப்போகும்போது அளவு முதலில் தடுமாறும், அதற்கப்புறம்தான் திரையில் பேட்டரி குறி வரும். அப்படித் தடுமாறிய ஒரு நாளில் நல்ல பெல்ட் ஒன்றைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன்.