நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்குத் தோல் சீட்: நான்காண்டு அனுபவம்

நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஹைபிரிட் சைக்கிளோடு வந்த சீட், கடையில் உட்கார்ந்து பார்த்தபோது மெத்தை போல இருந்தது. காலையில் 20 கிலோமீட்டர் ஓட்டிய வரை அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் சென்று திரும்பிய முதல் நாளில்தான், பாதி வழியிலேயே இரு தொடைகளுக்கும் நடுவிலுள்ள பகுதி முற்றிலும் மரத்துப்போய், இறங்கி நடந்த பின்பும் வெகுநேரம் உணர்வு திரும்பாமல் இருந்தது. மென்மை போதவில்லை என்று எண்ணி, அதன் மேல் ஒரு ஜெல் உறையையும் வாங்கி மாட்டினேன். மரத்துப்போவது அதன் பிறகு இன்னும் விரைவாகவே தொடங்கியது.

காரணம் பின்னால்தான் விளங்கியது. உட்காரும்போது உடலின் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள். சீட் மிகவும் மென்மையாக இருந்தால் அந்த முனைகள் உள்ளே அமிழ்ந்துவிட, நடுவிலுள்ள பஞ்சு மேலெழுந்து, நரம்பும் இரத்தக் குழாய்களும் ஓடும் இடத்தை அழுத்துகிறது. ஆகவே மரத்துப்போவதை வெறும் அசௌகரியம் என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. சீட்டையோ அது பொருத்தப்பட்ட விதத்தையோ மாற்றியே ஆக வேண்டும் என்பதற்கான அறிகுறி அது.

அளவெடுக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. அட்டைப்பெட்டியின் நெளிவு அட்டை ஒன்றைப் படிக்கட்டில் வைத்து, சற்று முன்னால் குனிந்து உட்கார்ந்து எழுந்தபோது இரண்டு பள்ளங்கள் பதிந்திருந்தன. அவற்றின் மையங்களுக்கு இடையே 128 மில்லிமீட்டர் இருந்தது. எலும்பு முனைகள் சீட்டின் விளிம்பில் நிற்காமல் அதன் மேல் முழுமையாக அமர வேண்டுமானால், இந்த அளவைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டராவது அகலம் கூடுதலாக வேண்டும். குனிந்து ஓட்டுபவர்களுக்குச் சற்றுக் குறைவாகவும், நிமிர்ந்து ஓட்டுபவர்களுக்குக் கூடுதலாகவும் தேவைப்படும். எங்கள் வீட்டில் அப்பா ஓட்டிய பழைய சைக்கிளில் அகலமான சீட்டும் அடியில் சுருள் ஸ்பிரிங்குகளும் இருந்ததன் பொருத்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது: நிமிர்ந்த நிலையில் கைகள் எடையைப் பகிர்ந்துகொள்வதில்லை, ஏறத்தாழ முழுச் சுமையும் சீட்டின் மேலேயே இறங்குகிறது.

அடுத்து, நடுவில் நீளவாக்கில் வெட்டப்பட்ட ஒரு சீட்டை ஓராண்டு பயன்படுத்தினேன். மரத்துப்போவது நின்றது, ஆனால் 100 கிலோமீட்டரைத் தாண்டியதும் வெட்டின் ஓரங்கள் உறுத்தின. அதன் பிறகே ப்ரூக்ஸ் பி17 தோல் சீட்டுக்கு மாறினேன். 1866-இல் தொடங்கப்பட்ட இந்த இங்கிலாந்து நிறுவனம் இந்த வடிவத்தை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தயாரித்துவருகிறது. இதில் பஞ்சு இல்லை. கயிற்றுக் கட்டிலில் கயிற்றை இழுத்துக் கட்டுவது போல, தடித்த தோல் ஒன்று முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்தில் இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அகலம் சுமார் 17 சென்டிமீட்டர். எடை அரை கிலோவுக்குச் சற்று மேல்.

முதல் 300 கிலோமீட்டர் வரை அது கட்டாந்தரை போலத்தான் இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிறகு எலும்பு பதியும் இரண்டு இடங்களில் மட்டும் தோல் மெல்லக் குழிந்து, என் உடலுக்கென்றே வார்த்தது போல ஆனது. இருந்தும் உள்தொடையில் உராய்வு நீடித்தது. அதற்குச் சீட் காரணமல்ல, அதன் உயரமே காரணம்: பெடல் கீழே போகும்போதெல்லாம் இடுப்பு பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. 8 மில்லிமீட்டர் இறக்கியதும் உராய்வு நின்றது. ரசமட்டம் வைத்துச் சமமாகப் பொருத்தியபோது முன்னோக்கிச் சறுக்கி, கைகளில் பாரம் ஏறியதால், சீட்டின் குறுகிய முன்முனையான மூக்குப் பகுதியை இம்மியளவு உயர்த்தினேன். அதற்குமேல் உயர்த்தினால் மரத்துப்போவது திரும்பிவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, குறைந்தது இரண்டு நீண்ட பயணங்கள் ஓட்டிப் பார்த்தே அடுத்ததைத் தொட வேண்டும்.

இந்தப் பொருத்தத்தோடு, பதின்மூன்றரை மணி நேர வரம்புள்ள 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஒன்றை மரத்துப்போகாமல் முடித்தேன். உட்காரும் இடத்தில் மெத்தைப் பட்டை வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடையின்றி அணிவதும், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நிற்பதும் இதற்குப் பெரிதும் உதவின.

சென்னையின் ஈரக்காற்றில் தோலுக்குப் பராமரிப்பு கட்டாயம். ஒரு ஐப்பசி மாதத்தில் நனைந்த சீட்டைத் துடைக்காமல் மூடி வைத்த என் கவனக்குறைவால் பூஞ்சை படர்ந்தது. அன்றிலிருந்து நனைந்தால் துடைத்து நிழலில் உலர்த்துகிறேன், ஆண்டுக்கு இருமுறை அதற்குரிய மெழுகைத் தேய்க்கிறேன், நிறுத்தும்போது மழையுறை போடுகிறேன். எண்ணெயில் ஊறவிட்டால் தோல் தொய்ந்துவிடும் என்பதால் அதைச் செய்வதில்லை. தொய்வை இறுக்கும் முன்பக்க நட்டை இதுவரை ஒரே ஒருமுறை, கால் சுற்று மட்டுமே திருப்பியிருக்கிறேன். அன்றாடம் மழையில் அலுவலகம் சென்று திறந்த வெளியில் சைக்கிளை விடுபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் தங்கள் எலும்பளவுக்கு ஏற்ற, கெட்டியான பஞ்சுள்ள சாதாரண சீட்டைத் தேடுவதே மேல்.