காரைக்குடி ஜெனரிக் மருந்துக்கடை: மாத்திரை மலிவு, மருந்தாளுநர் கறார்

எங்க ஆத்தாவுக்குச் சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றும் உண்டு. மாத்திரைக்கு மட்டும் மாதம் ஆயிரத்து ஐந்நூறை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பது எங்கள் துறைத்தலைவருக்கே தெரியாது. அதனால்தான் செக்காலை ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் இந்த ஜெனரிக் கடைக்கு, அதாவது கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரிலேயே மாத்திரை விற்கும் கடைக்கு, மாறினோம். பெயர் போட்டால் விளம்பரம் என்பீர்கள். சந்துக்குள் நுழைந்தால் போர்டு தானாகக் கண்ணில் படும். இப்போது ஐந்நூறுக்குள் முடிந்துவிடுகிறது. விலையைப் பற்றி இவ்வளவு போதும்.

நான் எழுத வந்தது கவுன்ட்டரில் நிற்கும் அந்தப் பெண்ணைப் பற்றி. வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. முதல் தடவை போனபோது எங்கள் சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "சார், இதுல எல்லாமே பிராண்ட் பேரா இருக்கு. நானா மாத்தித் தரக் கூடாது. டாக்டர்கிட்ட மருந்து பேரை எழுதி வாங்கிட்டு வாங்க." வந்த வியாபாரத்தை விரட்டுகிறாளே என்று எனக்கு எரிச்சல்தான். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், 1945-ஆம் வருட மருந்து விதிகளில் 65(11ஏ) அதைத்தான் சொல்கிறது: ஷெட்யூல் எச் மருந்துக்கு, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துக்கு, சீட்டில் எழுதியிருப்பதற்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் கொடுக்கக் கூடாது, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாகவே இருந்தாலும். ஊரில் எத்தனை கடைக்காரர்கள் இதை மதிக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆக, பூட்டு கடையில் இல்லை, டாக்டர் பேனாவில் இருக்கிறது. ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும், மீறினால் நடவடிக்கை என்று டாக்டர்களை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது. மாத்திரைகளின் தரத்துக்கு யார் உத்தரவாதம் என்று இந்திய மருத்துவச் சங்கம் எதிர்த்தது. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே விதியை நிறுத்திவைத்துவிட்டார்கள். டாக்டர்களுக்கான பழைய 2002 ஒழுக்க விதிகளே தொடர்கின்றன. அவற்றிலும் ஜெனரிக் பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்றுதான் இருக்கிறது. பெரிய எழுத்தை விடுங்கள், எழுத்து என்று சொல்லும்படி ஏதாவது இருந்தாலே போதும்.

வகுப்பில் நான் சுகாதாரப் பொருளாதாரம் எடுக்கிறேன். மருத்துவச் சந்தை மற்றச் சந்தைகளைப் போல இல்லை, வாங்குபவருக்குத் தெரிந்ததைவிட விற்பவருக்குத் தெரிந்தது மிக அதிகம் என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதியதைப் போர்டில் படம் போட்டு விளக்குவேன். எங்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது எனக்கே வாய் வரவில்லை. கிளினிக்கின் கீழேயே மருந்துக்கடை. ஏணிப்படி இறங்கினால் நேராக அதற்குள்தான் போக வேண்டும். கடைசியில் ஆத்தாதான் கேட்டது. "தம்பி, மாத்திரைக்குள்ள இருக்கிற மருந்துப் பேரையும் சேத்து எழுதிக் குடுங்களேன், எம்மகன் ஏதோ சொல்றான்." டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுதியும் கொடுத்தார். "வேற கம்பெனிக்கு நான் பொறுப்பில்லை" என்று சேர்த்தும் சொன்னார்.

அந்தச் சீட்டோடு போனபோதும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. பிரஷருக்கு அம்லோடிபின் இருந்தது, கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் இருந்தது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் 500-ம் கண்ணாடி அலமாரியில் அடுக்காக இருந்தது. ஆனால் அந்தப் பெண் கொடுக்கவில்லை. பழைய அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த 'எஸ்.ஆர்.' மேல் விரலை வைத்துக் காட்டினார். "இது மெல்லக் கரையற மாத்திரை ஆச்சி, நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். எங்கிட்ட இருக்கிறது சாதா. பேரு ஒண்ணுதான், ஆனா அப்படியே மாத்தக் கூடாது. வியாழக்கிழமை சரக்கு வரும்." அவர் தள்ளிவிட்டிருந்தால் எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கப் போவதில்லை. நான் இந்தக் கடைக்கு வாடிக்கையானது அன்றைக்குத்தான்.

ஆத்தாவுக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை. "பத்து மாத்திர இம்புட்டுக் காசுக்குக் குடுத்தா உள்ள மாவுதானேடா இருக்கும்?" என்று கேட்கும். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் தரம் தவறிய மருந்துகளின் பட்டியல் போடுகிறது, அதில் பெரிய கம்பெனிப் பெயர்களும் வருவதுண்டு என்று சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை பழைய அளவிலேயே நின்றதைப் பார்த்த பிறகு பேச்சைக் குறைத்திருக்கிறது.

குறைகளும் உண்டு. சரக்கு தீர்ந்தால் தீர்ந்ததுதான், ரெண்டு மூணு நாள் இழுக்கும். குழந்தைகள் சிரப்பில் அதிக வகை இல்லை. பில் போடும் கம்ப்யூட்டர் அடிக்கடி மக்கர். முழுநீளத் திண்ணை இல்லாமல் வீடே கட்டாத ஊர் இது. இந்தக் கடையில் வயசாளிகள் உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. ஆத்தா வாசலில் நின்ற யாருடையதோ ஸ்கூட்டியில் சாய்ந்துகொண்டுதான் காத்திருக்கும்.

ஜெனரிக் மாத்திரை விற்கத் தமிழக அரசு 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. அதே வேலைக்கான மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008-இலிருந்தே இருக்கிறது. அரசு மருத்துவமனைக்கே போகிறவர்களுக்கு எதுவும் தேவையில்லை, அங்கே மாத்திரை இலவசம். தனியார் டாக்டரிடம் காட்டிவிட்டு, பில்லைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட கடை. வலிப்பு, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கம்பெனியை மாற்றாதீர்கள்.

போவதானால் காலையிலேயே போங்கள், மதியம் ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள். பழைய அட்டையை வெட்டாமல் கொண்டுபோங்கள். அந்தப் பெண் முதலில் கேட்பது அதைத்தான்.