டிவிடி படத்தைச் சின்ன டிஸ்க்கில் அடக்குவது: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), பிள்ளைக்குப் பேரிடுதல் எதுவானாலும் வீடியோ உண்டு. மலேசியா, சிங்கப்பூரில் இருக்கிற பங்காளிகளுக்கு ஒரு பிரதி போயாக வேண்டும். காரைக்குடியில் எங்கள் குடும்பத்துக்கு இந்த வேலையை நான்தான் பார்க்கிறேன். வாங்கி வைத்த பழைய படங்களின் டிஸ்க்குகளையும் இப்படித்தான் பத்திரப்படுத்தினேன். அதில் கண்டது ஒன்று: தரத்தைக் காப்பாற்றுவது மென்பொருள் அல்ல, எதைக் கழித்துவிடுகிறோம் என்பதுதான்.

முதலில் கணக்கு. அசல் இருக்கும் இரட்டை அடுக்கு டிவிடி 8.5 ஜிபி. நாம் பிரதி எழுதும் ஒற்றை அடுக்கு 4.7 ஜிபி, கம்ப்யூட்டரில் அதுவே 4.37 என்று காட்டும். இரண்டரை மணி நேரப் படத்தில் வினாடிக்கு 768 கிலோபிட் டிடிஎஸ் (பல ஸ்பீக்கர்களுக்கான) ஒலித்தடம் மட்டுமே சுமார் 860 எம்பி. வீட்டில் சாதாரண டிவி ஸ்பீக்கர் என்றால் அது எதற்கு? அதைவிடச் சின்னதான டால்பி ஒலித்தடம் ஒன்றே போதும். மெனு, டிரெய்லர், படப்பிடிப்புக் காட்சிகள், வேண்டாத வசன வரிகள் எல்லாவற்றையும் எடுத்த பிறகே படத்தில் கை வைக்க வேண்டும். சில டிஸ்க்குகளில் அதோடு வேலை முடிந்துவிடும். படத்தைச் சுருக்கவே வேண்டாம்.

நான் அதிகம் பயன்படுத்தியது டிவிடி ஷ்ரிங்க் என்ற சுருக்கும் மென்பொருள். 2004-க்குப் பிறகு புதுப் பதிப்பு கிடையாது, ஆனாலும் அதன் வேலை சுத்தம். படத்தை முழுக்கப் பிரித்து மறுபடி சுருக்குவதில்லை. டிவிடியில் ஏற்கெனவே எம்பெக்-2 முறையில் சுருங்கியிருக்கும் தகவலில் நுண்ணிய விவரங்களை மட்டும் கழிக்கிறது. அதனால்தான் அவ்வளவு வேகம். ஆனால் அந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. அசலில் எத்தனை பங்கு மிஞ்சும் என்று அது காட்டும் சதவீதம் 85-க்கு மேல் இருந்தால் எங்கள் வீட்டு டிவியில் அசலுக்கும் பிரதிக்கும் வித்தியாசம் தெரியாது. 70-க்குக் கீழே போனால் தெரியும். ‘டீப் அனாலிசிஸ்’ வசதியைக் கட்டாயம் போட்டுவிடுங்கள். நேரம் கூடும், ஆனால் அசைவு அதிகமுள்ள காட்சிக்கு இடத்தைக் கூடுதலாக ஒதுக்கிக் கொடுக்கும்.

சுருக்கம் எங்கே காட்டிக் கொடுக்கும் என்பதை எங்கள் கல்யாண வீடியோக்களில் நன்றாகப் பார்க்கலாம். திருப்பூட்டும்போது (தாலி கட்டும்போது) கேமரா பளிச்சிடும் நொடி, தீபாராதனைப் புகை, பட்டுச் சேலைச் சரிகை, கேமரா மெல்ல நகரும்போது ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அங்கெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். “என்னப்பா, பொண்ணு முகம் கலங்கலா இருக்கு?” என்று ஆச்சி ஒருவர் கேட்டதிலிருந்து இந்த இடங்களை ஓட்டிப் பார்க்காமல் நான் பிரதி கொடுப்பதில்லை. கருப்பு வெள்ளைப் படங்களுக்குச் சலுகை உண்டு என்று நினைக்க வேண்டாம். நிறம் இல்லாவிட்டாலும் பிலிமின் துகள்கள் திரை முழுக்க அசைந்துகொண்டே இருக்கும். அவையே நிறைய இடத்தைத் தின்னும்.

டிஸ்க் முழுக்க ஒரே படம், அதுவும் இரண்டரை மணி நேரம் என்றால் டிடிஎஸ்ஸை எடுத்த பிறகும் அறுபது சதவீத அளவுக்குச் சுருக்க வேண்டி வரும். அங்கே ஷ்ரிங்க் வேண்டாம். படத்தை முழுக்கப் பிரித்து மறுபடி சுருக்கும் நல்ல எம்பெக்-2 என்கோடரில் இரண்டு சுற்று (ஒன்று அளந்து பார்க்க, ஒன்று சுருக்க) ஓட்டுவது மேல். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். வினாடிக்கு 3.7 மெகாபிட் அளவில் படம் கௌரவமாகவே இருக்கும். இரண்டு டிஸ்க் கல்யாணத்தை ஒன்றாக்க வேண்டுமென்றால் படத்தின் அகலத்தைப் பாதியாக்கும் 352க்கு 576 புள்ளி அளவை யோசிக்கலாம். டிவிடி விதிகளுக்கு உட்பட்டதுதான், நம் ஊர் பிளேயர் எதிலும் ஓடும். கூர்மை கொஞ்சம் குறையும், ஆனால் கட்டங்கள் வராது. முகம் உடைவதைவிட அது எவ்வளவோ தேவலாம்.

அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கு இந்த டிஸ்க்கே ஆகாது. நம்முடைய டிவி முறை பால் (PAL), அவர்களுடையது என்டிஎஸ்சி (NTSC). அவர்களுக்கு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில், எம்பெக்-2-க்குப் பின் வந்த எச்.264 முறைக் கோப்பாக மாற்றி அனுப்புகிறேன். தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண் 18 முதல் 20 வரை (எண் குறைந்தால் தரம் கூடும்). பட்டை பட்டையாகத் தெரியும் கோடுகள் போக டீஇன்டர்லேஸ் போட மறக்கக் கூடாது. உண்மையில் எம்பெக்-2-ஐவிட எச்.264 பாதி இடத்திலேயே அதே தெளிவைத் தரும். புது டிவி வைத்திருப்பவர்களுக்கு டிஸ்க்கைவிடப் பென்டிரைவையே சொல்வேன்.

எழுதும்போது 16எக்ஸ் வேக டிஸ்க்கை 8எக்ஸ் வேகத்தில் எழுதி, எழுதும் மென்பொருளான இம்க்பர்னிலேயே சரிபார்த்துவிடுகிறேன். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. சுழலும்போது எடை ஒரு பக்கம் சாயும். அப்புறம் வெயில். மாடியில் ஓட்டுக்குக் கீழே வைத்த டிஸ்க்குகள் சில வருடத்திலேயே தடுமாறின. வளவை (வீட்டு நடு முற்றத்தை) ஒட்டிய உள் அறையில், தடித்த சுவருக்குள் இருட்டில் வைத்தவை இன்றும் படிக்கின்றன. அப்படியிருந்தும் எல்லாவற்றின் ஐஎஸ்ஓ கோப்பையும் (முழு டிஸ்க்கின் நகல் கோப்பு), சுருக்காத அசலாகவே, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்திருக்கிறேன். சின்ன பிரதி பார்ப்பதற்கு மட்டும்தான். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் அசலிலிருந்துதான் எடுக்கிறேன்.