இன்-ஜெல் டைஜஷன்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மாஸ் ஸ்பெக்கில் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் கருவி) புரதத்தை அடையாளம் காண மாதிரி தயாரிக்க இன்று வழிகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஒரே ஒரு பேண்ட் (புரதக் கோடு) தெரிகிறது, அது என்ன புரதம் என்று மட்டும் தெரிய வேண்டும் என்றால், நான் இன்றும் இன்-ஜெல் டைஜஷனைத்தான் எடுக்கிறேன்; அதாவது ஜெல் துண்டுக்குள்ளேயே டிரிப்சின் என்ற நொதியால் புரதத்தைப் பெப்டைடுகள் எனும் சிறு துண்டுகளாக வெட்டுவது. ஷெவ்சென்கோவும் மத்தியாஸ் மானும் இன்னும் இருவரும் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட முறை இது. 2006-இல் அதன் திருத்திய வடிவம் வந்தது. அந்த இரண்டாவதைத்தான் நான் பின்பற்றுகிறேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஜெல்லே பாதி சுத்தத்தைச் செய்துகொடுத்துவிடுவது. புரதம் ஜெல்லுக்குள் சிக்கியிருக்கும், உப்பும் எஸ்.டி.எஸ். என்ற டிடர்ஜென்டும் கழுவக் கழுவ வெளியேறிவிடும். கரைசலிலேயே டைஜஸ்ட் செய்தால் இந்த வசதி கிடையாது. டிரைட்டான் என்ற டிடர்ஜென்ட் கொஞ்சம் மிஞ்சினாலும் போதும், 44 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) இடைவெளியில் வரிசையாகப் பீக்குகள் எழுந்து பெப்டைடுகளை மூடிவிடும்.

பேண்டை வெட்டும்போது சுற்றியுள்ள வெற்று ஜெல்லை முடிந்தவரை விட்டுவிடுங்கள். சுமார் ஒரு மில்லிமீட்டர் துண்டுகள் சரியான அளவு. அதைவிடப் பொடியானால் பிப்பெட் முனையில் அடைத்துக்கொள்ளும். புரதத்துக்கு நிறமேற்றிய கூமாசி சாயத்தின் நீலம் போனதும் அசிட்டோநைட்ரைல் ஊற்றினால் துண்டுகள் சுருங்கி, காய்ந்த ஜவ்வரிசி போல வெள்ளையாகிவிடும். அந்த வெள்ளை வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். நன்றாகச் சுருங்கிய துண்டுதான் டிரிப்சினை உள்ளே இழுக்கும். ஐஸில் வைத்து ஊறவிடுவதற்கும் காரணம் இருக்கிறது: உள்ளே போய்ச் சேரும்முன் டிரிப்சின் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளக் கூடாது. ஊறிய பிறகு 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் போதும்.

டிரிப்சினுக்கு முந்தைய படிகளான டி.டி.டி. (சிஸ்டீன்களுக்கு இடையிலான பிணைப்பை உடைப்பது), அயோடோஅசிட்டமைடு (அவை மீண்டும் சேராமல் தடுப்பது) இரண்டும் சிரமம் தராதவை. அயோடோஅசிட்டமைடை மட்டும் அவ்வப்போது புதிதாகக் கரைத்து இருட்டில் வையுங்கள். இதனால் சிஸ்டீனில் கூடும் 57 டால்டனைத் தேடல் மென்பொருளில் குறிப்பிடவும் மறக்காதீர்கள்.

பெரிய தலைவலி கெராட்டின்தான். தோல், முடி, கம்பளித் துணி என்று எங்கிருந்தும் வரும். மங்கலான பேண்டை அனுப்பினால் முடிவுப் பட்டியலின் உச்சியில் கெராட்டின் 1, 10, 9, 2 என்று வந்து நிற்கும். கையுறை மட்டும் காப்பாற்றாது. அதே கையுறையோடு முகத்தைத் தொட்டால் அதோடு சரி. சாயத் தட்டைத் தனியாக ஒதுக்கிவைப்பதும், பஃபரைப் புதிதாகக் கலக்குவதும், காற்று வடிகட்டும் ஹூடுக்குள் வெட்டுவதும் நல்ல பலன் தந்திருக்கின்றன. எல்லாவற்றையும்விட உதவுவது, புரதமே ஓடாத லேனிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கூடவே கொண்டுபோவது. அதில் வருவதெல்லாம் நம் லேபின் அழுக்கு என்று தெரிந்துவிடும்.

கூமாசியைவிட நுண்ணிய சில்வர் ஸ்டெயின் (வெள்ளிச் சாயம்) பற்றிக் கேட்பவர்கள் உண்டு. குளூட்டரால்டிஹைடு சேர்த்த கிட் வேண்டவே வேண்டாம். அது புரதத்தை ஒன்றோடொன்று பிணைத்துவிடும், டிரிப்சினால் ஒழுங்காக வெட்ட முடியாது. கூமாசியில் கண்ணுக்குத் தெரிகிற பேண்ட் என்றால் நான் தைரியமாக அனுப்புவேன். சில்வரில் மட்டும் தெரிகிறது என்றால், இன்னும் கொஞ்சம் புரதம் சேர்த்து மறுபடி ஜெல் ஓட்டச் சொல்வேன்.

காசு பார்க்கக் கூடாத இடம் டிரிப்சின். மாஸ் ஸ்பெக்குக்கென்றே மெத்திலேற்றம் செய்த தரத்தை வாங்குங்கள். அதிலும் 842.5, 2211.1 என்ற சுயவெட்டுப் பீக்குகள் சில சமயம் தலைகாட்டும். மால்டி வகை மாஸ் ஸ்பெக்கில் அவற்றை வைத்தே அளவைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. வேலை இரண்டு நாள் இழுக்கிறது. நீளமான பெப்டைடுகள் ஜெல்லைவிட்டு முழுதாக வெளியே வருவதில்லை. டிரிப்சின் வெட்டும் இடங்களான லைசினும் ஆர்ஜினினும் குறைவாக உள்ள சவ்வுப் புரதங்களில் கிடைக்கும் பெப்டைடுகள் மிகச் சில. செல்லின் மொத்தப் புரதங்களையும் பார்க்க வேண்டும் என்றால் இந்த முறையோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2009-இல் வந்த ஃபாஸ்ப் வடிகட்டி முறையைக் கொஞ்ச காலம் பயன்படுத்தினேன்; அப்புறம் 2014-இல் வந்த எஸ்.பி.3-க்கு மாறிவிட்டேன். காந்த மணிகளில் புரதம் ஒட்டிக்கொள்வதால் டிடர்ஜென்டை எத்தனால் கொண்டே கழுவிவிடலாம், மாதிரியும் அதிகம் வீணாவதில்லை.

எந்த முறையில் செய்தாலும் கடைசியில் பெப்டைடுகளைப் பிடித்துக்கொள்ளும் சி18 முனையில் உப்பை நீக்கி, புரதம் ஒட்டாத டியூபில் சேகரித்து, 0.1 சதவீத ஃபார்மிக் அமிலத்தில் கரைத்துக் கொடுங்கள். மாதிரியோடு தரும் படிவத்தில், எந்தக் கட்டத்திலாவது டிடர்ஜென்ட் சேர்த்திருந்தால் அதன் பெயரையும் எழுதிவிடுங்கள். கருவியை இயக்குபவர் முதலில் தேடுவது அதைத்தான்.