செயில்ஃபிஷ் போன்களில் செயலிகள்: எது கூடவே வந்தது, எது வழியில் நின்றது

ஒரு லினக்ஸ் போனில் ஓடுகிற செயலி அதன் உறவுக்கார போனிலும் ஓடுமா என்று தெரிய வேண்டுமானால், முதலில் பேக்கேஜ் கோப்பின், அதாவது செயலியை நிறுவும் கோப்பின், பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கும். மீதிப் பாதிதான் ஆளைப் படுத்தும்.

ஜோலா கம்பெனியின் லினக்ஸ் போன் இயங்குதளமான செயில்ஃபிஷ் ஓஎஸ்ஸை வேலூர் சத்துவாச்சாரியில் தினசரி பயன்படுத்துகிற அபூர்வப் பிராணி நான். ஜோலா போன் 2014இல் ஸ்னாப்டீலில் 16,499 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தபோது வாங்கினேன். 2016இல் இதே ஓஎஸ்ஸோடு இன்டெக்ஸ் அக்வா ஃபிஷ் 5,499 ரூபாய்க்கு வந்தது. அந்த விலைக்கு யார் விடுவார்கள், அதையும் வாங்கினேன். இப்போது பையில் இருப்பது ஜெர்மனியிலிருந்து மாமா பையன் கொண்டுவந்த சோனி எக்ஸ்பீரியா 10 மார்க் 2. அதில் போட்டிருப்பது செயில்ஃபிஷின் இலவசப் பதிப்பு. ஆண்ட்ராய்ட் செயலிகளை ஓட்டும் பகுதி அதில் வராது. ஆகவே செயில்ஃபிஷுக்கென்றே எழுதிய செயலி ஓடினால்தான் உண்டு. யுபிஐக்கு வேறு ஒரு போன் வைத்திருக்கிறேன்; அந்தக் கதை இங்கே வேண்டாம்.

ஜோலாவிலிருந்து அக்வா ஃபிஷுக்கு மாறியது சுலபம். சேமித்து வைத்திருந்த ஆர்பிஎம் கோப்புகளை (செயில்ஃபிஷின் பேக்கேஜ் வகை இது) அப்படியே போட்டேன், ஓடின. இரண்டிலும் பிராசஸர் 32 பிட் ஏஆர்எம் வகை. பேக்கேஜ் பெயர் இரண்டிலும் 'ஏஆர்எம்வி7எச்எல்' என்றுதான் முடியும். சிப்புக்கும் கேமராவுக்கும் வேண்டிய ஆண்ட்ராய்ட் டிரைவர்களை லிப்ஹைப்ரிஸ் என்ற இடைப்பகுதி அடியில் சமாளித்துக்கொள்கிறது. அதற்கு மேலே செயலிக்குத் தெரிவதெல்லாம் ஒரே கியூட்டி (செயலி எழுதும் கருவித்தொகுப்பு), ஒரே சிலிக்கா (பொத்தான், பட்டியல் என்று திரையை வரையும் பகுதி). கம்பெனி மாறியது செயலிக்குத் தெரியவே தெரியாது.

எக்ஸ்பீரியாவில்தான் முட்டியது. அதில் செயில்ஃபிஷ் 64 பிட், அதாவது 'ஏஆர்ச்64'. பழைய சேமிப்பில் பாதிக்கு மேல் நிறுவலிலேயே நின்றுவிட்டது. ஆனால் ஒரு கூட்டம் மட்டும் சத்தமில்லாமல் உள்ளே வந்தது: 'நோஆர்ச்' என்று முடியும் பேக்கேஜ்கள். இவற்றில் ஒரு பிராசஸருக்கென்று கம்பைல் செய்த பைனரி கிடையாது. திரைகள் கியூட்டியின் கியூஎம்எல் மொழியிலும் கணக்கு வழக்கு பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ எழுதப்பட்டு, வெறும் எழுத்துக் கோப்புகளாக வருகின்றன. போனில் இருக்கும் கியூட்டி அவற்றைப் படித்து ஓட்டிவிடும். பிராசஸர் எதுவானாலும் கவலையில்லை. அன்று முதல் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு செயலி கிடைத்தால், கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் நோஆர்ச்சைத்தான் எடுக்கிறேன். மற்றவற்றில் பலவற்றுக்கு, பயனர்களே நடத்தும் 'சம்' என்ற செயலிக் களஞ்சியம் கைகொடுத்தது. மூல நிரல் அங்கே இருந்தால் ஒவ்வொரு பிராசஸர் வகைக்கும் தனித்தனியாகக் கட்டித் தருகிறார்கள்.

நிறுவிவிட்டால் ஓடும் என்பதும் இல்லை. செயில்ஃபிஷ் 4 வரிசையில் செயில்ஜெயில் என்ற தடுப்பு வந்தது. லினக்ஸில் செயலிகளை அடைத்துவைத்து ஓட்டும் ஃபயர்ஜெயிலை அடிப்படையாகக் கொண்டது. செயலி எந்தக் கோப்புகளைத் தொடலாம், நெட்வொர்க் உண்டா இல்லையா என்று அனுமதி கேட்டு நடத்தும். நல்ல ஏற்பாடு, எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் வீட்டு வரவு செலவு எழுதி வந்த ஒரு சின்னச் செயலி புதிய பதிப்புக்கு மாறியதும் துடைத்துவைத்த மாதிரி காலியாகத் திறந்தது. பால், கேஸ், கேபிள் எல்லாம் போயே போச்சு என்று நினைத்தேன். போகவில்லை. புது ஏற்பாட்டில் செயலியின் தகவல்கள் நிறுவனப் பெயர், அதற்குள் செயலிப் பெயர் என்ற அடைவில் இருக்க வேண்டும். செயலியை எழுதியவர் புது இடத்துக்கு மாறினார், பழைய கோப்பை எடுத்துப்போக நிரல் எழுதவில்லை. கட்டளை தட்டும் டெர்மினலில் கோப்பைப் புது இடத்துக்கு நகலெடுத்ததும் கணக்கெல்லாம் திரும்பி வந்தது. டெர்மினல் தெரியாதவர் என்ன செய்வார்?

ஓஎஸ் அப்டேட்டுக்கு முன் நான் கடைப்பிடிக்கும் சடங்கு ஒன்று உண்டு. ஓப்பன்ரெப்போஸ் என்ற பயனர் தளத்திலிருந்து சேர்த்த களஞ்சியங்களை முடக்கிவிடுவேன்; மற்ற நூலகங்களை (செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்புகளை) நம்பியிருக்கும் செயலிகளைக் கழற்றிவிடுவேன். கம்பெனியின் சொந்தக் கடையான ஜோலா ஸ்டோரின் செயலிகளுக்கு இந்தப் பாடு கிடையாது. அங்கே அனுமதித்த நூலகங்களை மட்டுமே பயன்படுத்தலாம், வேறு வேண்டுமானால் பேக்கேஜுக்குள்ளேயே வைத்துத் தர வேண்டும் என்பது விதி. எழுதுகிறவர்களுக்கு அது கடுப்பு, நமக்கு நிம்மதி.

இனி செயில்ஃபிஷின் பங்காளி ஓஎஸ்களுக்கு வருவோம். 2010இல் நோக்கியாவின் மேமோவும் இன்டெலின் மோப்ளினும், இரண்டும் லினக்ஸ் ஓஎஸ்கள், சேர்ந்து மீகோ ஆனது. 2011இல் வந்த நோக்கியா என்9 வெளியே மீகோ, உள்ளே மேமோ வழி வந்த ஹார்மட்டன், பேக்கேஜ் டெப் என்ற வேறு வகை. மீகோவோ ஆர்பிஎம். மீகோ கைவிடப்பட்டதும் அதிலிருந்து மெர், மெரிலிருந்து நெமோ, செயில்ஃபிஷ் என்று கிளை பிரிந்தது. பாகம் பிரித்த வீட்டில் கிணறு பொது, அடுப்படி தனி என்பார்களே, அந்தக் கதைதான். மெரின் அடித்தளம் பொதுவாக இருந்தது. திரையை வரையும் சிலிக்கா செயில்ஃபிஷுக்கே உரியது, திறந்த மூலமும் அல்ல. செயில்ஃபிஷ் ஆர்பிஎம்மை அன்றைய நெமோவில் போட்டால் சிலிக்கா எங்கே என்று கேட்டு மறுக்கும். வம்படியாகப் போட்டாலும், திறக்கும்போது அந்த மாட்யூல் நிறுவப்படவில்லை என்று சொல்லி மூடிக்கொள்ளும். அதே ஆர்பிஎம், அதே பிராசஸர் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

குடியாத்தத்தில் இருக்கும் சித்தப்பா மகன் உபுண்டு டச் என்ற இன்னொரு லினக்ஸ் ஓஎஸ் ஓடும் போன் வைத்திருக்கிறான். "அண்ணா, ரெண்டும் லினக்ஸ்தானே, உன் கோப்பை அனுப்பு" என்பான். அவன் போனுக்கு வேண்டியது கிளிக் பேக்கேஜ், என்னுடையது ஆர்பிஎம். அனுப்பிப் பயனில்லை. ஆனாலும் இருவரும் ஒரே வரைபடச் செயலியைப் பயன்படுத்துகிறோம்: ப்யூர் மேப்ஸ். அதில் வழி காட்டும் பகுதி பொது. பொத்தான், பட்டியல் போன்றவை மட்டும் சிலிக்காவுக்கு ஒன்று, உபுண்டு டச்சுக்கு ஒன்று, கேடிஈயின் திரைப் பகுதியான கிரிகாமிக்கு ஒன்று என்று தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. போனிலேயே ஓடும் ஓஎஸ்எம் ஸ்கௌட் சர்வர் என்ற துணைச் செயலியில் வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொண்டால் நெட் வேண்டியதில்லை. ஆலங்காயம் தாண்டி காவலூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போகும்போது சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். இரண்டு போனிலும் வழி தெளிவாகத்தான் வந்தது. உறவுக்கார ஓஎஸ்களுக்கு இடையே நான் பார்த்த உருப்படியான ஒத்துழைப்பு இதுதான், இதிலும் பேக்கேஜ் ஒன்றல்ல.

நான் எனக்கென்று மாற்றி எழுதிய தமிழ் கீபோர்டை இப்போது அவன் கேட்கிறான். இரண்டு ஓஎஸ்ஸிலும் கீபோர்டுக்கு அடியில் இருப்பது மாலிட் என்ற ஒரே அடிப்படைதான், லேஅவுட் கோப்பும் கியூஎம்எல்தான். ஆனால் விசைகளை வரையும் பாகங்கள் வேறு வேறு. எழுத்து வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவன் புதிதாகத்தான் எழுத வேண்டும்.